துரை வண்டியின் கறுப்பு டேங்க்

அட்டன்
17.1.55

என் அக்காள் மகள் பூரணிக்கு, மாமா அழகுமுத்து எழுதுவது.

இங்கே நான் நலம். பட்டறை நலம். மீசை முன்னைவிட நலம். அங்கே நீயும் உன் வயிற்றில் இருக்கிற மகாராசாவும் என் மாப்பிள்ளை சோலைமலையும் சுகமாக இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆகையால் கேட்கவில்லை.

பெரிய செய்தி ஒன்று. உட்கார்ந்துகொண்டு வாசி. உங்கள் நெட்டமலைத் தோட்டத்துப் பெரிய துரை, தன்னுடைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளோடு நேற்று என் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். அட்டன் கடைத்தெரு முழுக்கக் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கப் பொலிஸ் வர வேண்டியதாயிற்று. (பொலிஸ்காரர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தார் என்று சிலர் சொல்லுவார்கள். பொறாமை.)

துரைக்கு வண்டியின் பெட்ரோல் டேங்கும் இரண்டு மட்கார்டும் கறுப்பாக வேண்டுமாம். சும்மா கறுப்பு இல்லை. "கையால பூசுற பெயின்ட் வேணாம். நகம் பட்டா உரியுது. அடுப்பில வேக வச்ச எனாமல் வேணும். மூஞ்சி தெரியணும். உன்கிட்ட அடுப்பு இருக்கா?" என்று கேட்டார். நான் மீசையை ஒரு தடவை தடவினேன். "இருக்கு தொரை. பர்மிங்ஹாம்லேருந்து கப்பல்ல வந்த அடுப்பு" என்றேன். துரை அப்படியே அசந்து போய் என் தோளில் தட்டினார். வேலை நன்றாக இருந்தால் என்ன வேண்டுமானாலும் கேள் என்றார்.

இப்போது விஷயம் என்னவென்றால், அடுப்பு இல்லை.

அலுமினியச் சாமான் என்றால் எனக்குக் கவலையே கிடையாது. ஆசிட் தொட்டியில் முக்கி, லாரி பாட்டரியிலிருந்து கரண்டைக் கொடுத்து, சாயத்தில் போட்டு எடுத்தால் எந்த நிறம் சொல்கிறாயோ அந்த நிறம். உன் கல்யாணத்துக்கு நான் போட்டுக் கொடுத்த தங்க டம்ளரைப் பார்த்து லிந்துலை முழுக்க வாயைப் பிளந்ததே, மறந்திருக்க மாட்டாய். லண்டன் சாயம். ஆனால் இரும்புக்கு எனாமல் பூசினால் அது சூட்டில் வேக வேண்டும். நன்றாக யோசித்தேன். இந்த மலையில் ஆள் உயரத்துக்குச் சீராகச் சூட்டுக் காற்று வீசுகிற பெட்டி எங்கே இருக்கிறது? உங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில். தேயிலைத் தூளைக் காய வைக்கிற டிரையர். அதற்குப் பக்கத்தில் நிற்பது யார்? என் மாப்பிள்ளை.

வருகிற ஞாயிறு, சனிக்கிழமைக் கொழுந்தெல்லாம் காய்ந்து முடிந்த பிறகு டிரையர் சூடாகச் சும்மாதான் கிடக்கும். ஸ்டோரைக் கட்டி ஆளுகிற டீமேக்கர் ஐயா தலவாக்கலைக்குப் போய்விடுவார். நான் டேங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறேன். துரையின் டேங்க், துரையின் ஸ்டோரில், துரையின் விறகில் வேகப் போகிறது. இதில் தப்பு எங்கே இருக்கிறது?

ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை இதை யாரிடமும் சொல்லக் கூடாது. பர்மிங்ஹாம் அடுப்பு என்று நான் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை கீழே விழக் கூடாது. வாக்கு வாங்கி எழுது.

உன் மாமன்,
அழகுமுத்து
(மோட்டார் சைக்கிள் வர்ண நிபுணர்)

*

நெட்டமலைத் தோட்டம்
லிந்துலை
20.1.55

அன்புள்ள மாமாவுக்குப் பூரணி எழுதுவது.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொலிஸ் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். டிரையர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"தேயிலை பொல்லாதது, பூரணி. பக்கத்துல எவனாச்சும் வெங்காயம் உரிச்சாக்கூட அந்த வாசத்த இழுத்து வச்சுக்கும். சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வந்தவனையே டீமேக்கர் வெளிய நிப்பாட்டுவாரு. மாமா பெயின்ட் டப்பாவத் தூக்கிக்கிட்டு வர்றேங்கிறாரே" என்றார்.

அப்படியானால் முடியாது என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு, "உன்னைய வளத்த மனுசன் கேக்குறாரு. தனக்குன்னு வேற என்ன கேட்டிருக்காரு? வரச் சொல்லு" என்றார். வாக்கும் கொடுத்துவிட்டார். அவர் வாக்குக் கொடுத்தால் கழுத்தை அறுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

அம்மா செத்த பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அட்டனுக்குப் போய், நாலு எழுத்துப் படிக்க வைத்தீர்கள். நாங்கள் குடியிருக்கிற இந்த லயத்தில் கடிதம் வாசிக்கத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். அதனால் நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் டிரையர் கதவையெல்லாம் திறந்து வைத்துக் காற்றாட விட வேண்டுமாம். அவசரப்படுத்தாதீர்கள்.

கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன். பிள்ளை பிறந்தால் உங்கள் மடியில் வைத்துத்தான் காது குத்துவது என்று இப்போதே முடிவு செய்துவிட்டோம். எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அந்த இடம் உங்களுக்குத்தான். ஆகவே மீசையோடு உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூரணி

*

அட்டன்
27.1.55

பூரணிக் கண்ணுக்கு,

வெற்றி! டேங்க் போய்ச் சேர்ந்தது. துரை அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். துரைசாணி ஓடி வந்து பார்த்தார், அவரும் தலை சீவிக்கொண்டார். "அழகுமுத்து, பர்மிங்ஹாம்காரன் உன்கிட்ட வந்து வேலை படிக்கணும்" என்று துரை இங்கிலீசிலேயே சொன்னார். எனக்கு இங்கிலீஸ் தெரியாவிட்டாலும் பாராட்டு எந்தப் பாஷையில் வந்தாலும் புரிந்துவிடும்.

மாப்பிள்ளையைப் பற்றி என்ன சொல்ல! டேங்கை உள்ளே தொங்கவிட்டபோது பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி போட்டார். சாயங்காலம் கதவுகளை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாம் என்றார். எனக்கு அட்டன் பஸ் போய்விடும் என்பதால் நான்தான், "போதும் மாப்ள, மலைக் காத்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிரும்" என்று மூடச் சொன்னேன். லேசாக வாசம் இருந்தது. எனாமல் வாசம் நல்ல வாசம்தான். சிலர் அதற்காகவே என் பட்டறைக்கு வருகிறார்கள்.

கோழிக் குழம்பு அரண்மனைச் சமையல்.

மாமன்

*

நெட்டமலை
14.2.55

மாமாவுக்கு,

நீங்கள் உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள் இந்தத் தடவை.

அந்தத் திங்கட்கிழமை காய வைத்த தூள் முழுக்க வாசம் பிடித்திருக்கிறது. அன்றைக்கே டீமேக்கர் ஊற்றிக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாராம். பெட்டிகளைத் தனியாக எடுத்து வைக்காமல் எப்படியோ அனுப்பிவிட்டார்கள். கொழும்பிலிருந்து இப்போது எல்லாம் திரும்பி வருகிறது. தேயிலையா, தார் எண்ணெயா என்று கேட்டுக் கடிதம் வந்ததாம்.

டிரையருக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்கள். இவர்தான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே என்ன வைத்தாய் என்று கேட்டார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். மூன்று பேர் முன்னால் டீமேக்கர், "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று கத்தியிருக்கிறார். அப்போதும் பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்திப் பத்துச்சீட்டு எழுதிவிட்டார்கள். வருகிற மாதம் நடுவோடு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இல்லை. எனக்கும் சேர்த்துத்தான்.

"மாமா பேரச் சொல்லிருங்க. தொரை வண்டிக்குத்தானே செஞ்சோம்" என்று நான் அழுதேன். "வாக்குக் குடுத்துட்டேன், பூரணி. மாமாவே வந்து சொன்னா அது வேற" என்கிறார்.

ஆகவே மாமா, நீங்கள் வந்து துரையிடம் சொல்லுங்கள். என்ன வேண்டுமானாலும் கேள் என்று அவர்தானே சொன்னார்? அவருடைய டேங்குதான் அவருடைய டிரையரில் வெந்தது என்று ஒரு வார்த்தை. வர முடியாது என்றால், இவர் சொல்லிக்கொள்ளலாம் என்றாவது எழுதி அனுப்புங்கள். அது போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. இறம்பொடையில் கங்காணியாக இருக்கும் இவருடைய சொந்தக்காரர் இராமையா, அங்கே எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் பதியலாம், காம்பரா ஒன்று காலியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாதம் பிறப்பதற்குள் போய்விட வேண்டும். பிந்தினால் வேறு ஆளுக்குப் போய்விடும். இவருக்கு இந்த ஸ்டோரை விட மனசில்லை. அங்கே போனால் மலையில் இரும்பு முள்ளால் மண்ணைக் குத்திக் கிளறுகிற வேலைதான். ஆனால் தலைக்கு மேல் கூரை இருக்கும்.

எது செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

பூரணி

*

அட்டன்
21.2.55

என் கண்ணே பூரணி,

அழுகையை நிறுத்து. உன் மாமன் போய் வந்தாயிற்று!

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பங்களாவுக்கே போனேன். கேட்டில் அந்த இரண்டு நாய்களும் என்னைப் பார்த்ததும் வாலை மடக்கி உட்கார்ந்துவிட்டன. துரை வராந்தாவில் நாற்காலி போட்டார். நான் நிற்கிறேன் என்றேன். "நீ நின்னா நானும் நிப்பேன்" என்றார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். துரைசாணி தன் கையாலேயே கேக் வெட்டி வைத்தார். உள்ளே முந்திரி.

எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். "தொரை, பர்மிங்ஹாமும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க ஸ்டோரு டிரையர்தான் என் அடுப்பு. சோலைமலை மேல ஒரு தப்பும் கிடையாது" என்றேன். துரை மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார், கேக் எகிறி விழுந்தது. "இப்படி வாக்கைக் காப்பாத்துற ஆளையா நிப்பாட்டுனாங்க? டீமேக்கரக் கூப்பிடு!" என்று கர்ஜித்தார். நான்தான், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பாவம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று சமாதானம் செய்தேன்.

பத்துச்சீட்டைத் துரையே கிழித்துப் போடுவார். மாப்பிள்ளை இனி வாயைத் திறக்க வேண்டாம். அவரும் போய்ச் சொன்னால் நான் சொன்னதற்கு மதிப்பில்லாமல் போகும். இறம்பொடையும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். டிரையரை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல். இது அழகுமுத்து வாக்கு.

மாமன்

*

நெட்டமலை
9.3.55

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது இவர் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். கேக் எகிறிய இடத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அடுத்த நாள் காலையிலேயே இறம்பொடைக்கு ஆள் அனுப்பி, நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் காம்பராவில் இப்போது பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது.

பத்துச்சீட்டை யாரும் கிழிக்கவில்லை. டீமேக்கரை யாரும் கூப்பிடவில்லை. இவர் தினமும் காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில் துரை கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்கிறார். துரை கறுப்பு டேங்கோடு வருகிறார், இவரைத் தாண்டிப் போகிறார். "தொரைக்கு வேலை அதிகம். நாளைக்குக் கூப்பிடுவாரு" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

பங்களாவில் ஆயாவாக இருக்கிற வேலாயி அக்காவைப் போன சனிக்கிழமை தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பார்த்தேன். என் மாமா உங்கள் பங்களாவில் கேக் சாப்பிட்டாராமே என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். "அந்த ஞாயித்துக்கெழம பங்களாவே பூட்டிக் கெடந்துச்சு புள்ள. தொரையும் தொரைசாணியும் வியாழக்கெழமையே கொழும்புக்குப் போயிட்டாங்க. நாயக்கூடக் கொண்டுக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்கள்.

இதை இவரிடம் நான் சொல்லவில்லை.

அக்காவுக்குக் கிழமை தப்பியிருக்கும், அப்படித்தானே மாமா? அப்படித்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத வேண்டாம். பஸ் ஏறி வாருங்கள். இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது.

பூரணி

*

அட்டன்
15.3.55

பூரணிக்கு,

வேலாயிக்குக் கண்ணும் சரியில்லை, கிழமையும் தெரியாது. நான் போனது ஞாயிறாக இல்லாமல் சனியாகவோ திங்களாகவோ இருந்திருக்கலாம். வேலை நெருக்கடியில் தேதி மாறிப்போகும். நாய்கள் வேறு நாய்களாகவும் இருக்கலாம். துரைமார்களுக்கு நாய்க்கா பஞ்சம்?

இந்த வாரம் போகலாம் என்றிருந்தேன். நுவரெலியாவிலிருந்து ஒரு பெரிய மனிதர், பெயர் வெளியே சொல்லக் கூடாது, பிரேக் லிவர் எல்லாம் தங்க நிறத்தில் வேண்டும் என்று கொண்டுவந்து கொட்டிவிட்டார். அதை ஆசிட்டில் போட்டால் கூடவே இருக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை கட்டாயம் போகிறேன். வெள்ளி நல்ல நாள்.

அதற்குள் காம்பராவைப் பூட்டிவிட்டால் ஒன்றும் பயப்படாதே. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. மாடியில் இரண்டு அறை, காற்றோட்டம், ஜன்னலைத் திறந்தால் சிவனொளிபாதமலை. ராஜா ராணி மாதிரி இருக்கலாம்.

துரையிடம் நீ சொன்னது போலச் சொல்லத்தான் போகிறேன். சொல்லுவதற்கு ஒரு நேரம் வர வேண்டும், பூரணி. பர்மிங்ஹாம் அடுப்பைப் பற்றி அவர் எல்லாத் துரைமாரிடமும் சொல்லிவிட்டாராம். இப்போது போய் இல்லை என்றால்...

வெள்ளிக்கிழமை போகிறேன்.

மாமன்

*

நெட்டமலை
18.4.55

மாமாவுக்கு,

அந்த வெள்ளிக்கிழமை போய், அதற்குப் பிறகும் நாலு வெள்ளிக்கிழமை போய்விட்டது.

பங்குனி மழையில் காம்பராவைப் பூட்டினார்கள். சட்டி பானையை வாசலில் வைத்துக்கொண்டு நின்றோம். பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் ஆபத்து. ஆகவே நான் பகலில் வெளியே வருவதில்லை. இவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தார். பத்துச்சீட்டில் தூளைக் கெடுத்தவன் என்று எழுதியிருக்கிறது. யார் எடுப்பார்கள்?

உங்கள் மாடி வீடு எனக்குத் தெரியாதா, மாமா? நான் வளர்ந்த இடம்தானே. ஆசிட் தொட்டிக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் நீங்கள் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு இடம் விட்டுவிட்டு உட்கார்ந்தே தூங்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இன்னும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தியாவுக்குப் போகிறோம். இவருடைய அண்ணன் துறையூரில் இருந்து வரச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். இங்கே பிரஜாவுரிமை கேட்டு எழுதியது போன வருசமே இல்லை என்று வந்துவிட்டது. மாமனார் உயிரோடு இருந்தபோது கண்டிக்குப் போய் இவர் பேரில் எடுத்து வைத்த இந்தியப் பாஸ்போர்ட்டு பெட்டியிலேயே கிடந்தது. என் பெயரும் அதில் ஏறியாயிற்று. "எங்கப்பா ஆத்தாளே பாக்காத ஊரு" என்று இவர் சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டுகிறார்.

நீங்கள் பங்களாவுக்குப் போகவில்லை என்பது இவருக்கு இன்னும் தெரியாது. துரைதான் வாக்கு மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "மாமா அவ்வளவு தூரம் போயிச் சொல்லியும் மனுசன் ஏமாத்திட்டானே. பாவம், மாமா மனசு எப்படி நொந்திருக்கும்" என்று நேற்றுக்கூடச் சொன்னார். நான் அடுப்பு ஊதப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை தலவாக்கலையில் ரயில் ஏறுகிறோம். அட்டனில் நிற்கும். நீங்கள் வர வேண்டாம். வந்தால் இவர் உங்கள் காலில் விழுந்து கும்பிடுவார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பூரணி

*

அட்டன்
14.8.55

பூரணிக்கு.

நாகலெட்சுமியிடம் கேட்டு விலாசம் வாங்கினேன். முதலில் தரவில்லை. மூன்றாம் தடவைதான் தந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறையை விட்டு நகரவில்லை. துரை இருந்தாரா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். பங்களா கேட் வரைக்கும் போனேன். நாய் குரைத்தது. திரும்பிவிட்டேன். உன் காம்பராவுக்கு வரத் தைரியம் இல்லை. அதே பஸ்ஸில் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டேசனுக்கு வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். நீ ஜன்னல் ஓரம் இருந்தாய். மாப்பிள்ளை இறங்கி பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். என்னைத் தேடினார் என்று நினைக்கிறேன். ரயில் ஊதியதும் ஓடிப் போய் ஏறினார்.

போன வாரம் துரையைப் பார்த்தேன். நாற்காலி போடவில்லை. படிக்குக் கீழே நின்று சொன்னேன். என்னிடம் அடுப்பு இல்லை, டேங்க் உங்கள் டிரையரில்தான் வெந்தது, கதவை மூடச் சொன்னது நான், சோலைமலை எனக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டான் என்றேன். சொல்லி முடிக்க ஒரு சுருட்டுப் பற்ற வைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

துரை சிரித்தார். கோபப்படவே இல்லை, பூரணி. "அட பைத்தியக்காரா" என்றார். "அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் ஏச்சு விட்டுட்டு விட்டிருப்பேன். அவன் நல்ல வேலைக்காரன். வாயத் தொறக்காம நின்னதுனால திருட்டுத்தனம்னு நெனச்சோம். இப்ப வேற ஆள் போட்டாச்சு" என்றார்.

பிறகு வண்டியைக் காட்டினார். முன் மட்கார்டு உரிகிறது. டேங்கிலும் ஒரு ஓரம் பொரிந்திருக்கிறது. தேயிலை காய்கிற சூடு எனாமலுக்குப் போதாது. மறுபடி பூசித் தருவாயா என்று கேட்டார்.

சரி துரை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் டம்ளர் லண்டன் சாயம் இல்லை. தூள் தேயிலையைக் காய்ச்சிய சாயத்தில்தான் முக்கினேன்.

வேறு எழுத வரவில்லை.

அழகுமுத்து

*

துறையூர்
3.9.55

மாமாவுக்குப் பூரணி எழுதுவது.

பெண் பிறந்திருக்கிறாள். ஆவணி முதல் வாரம். மூக்கு அம்மாவுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா முகம் எனக்கு ஞாபகம் இல்லை, நீங்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். காது குத்துவதற்கு என் பக்கத்து ஆள் யார் என்று கேட்டார்கள். இவருடைய அண்ணியின் தம்பி மடியில் வைத்துக் குத்துவதாகப் பேச்சு. நல்ல மனிதர்தான்.

இங்கே வெயில். எங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள். இவர் மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போகிறார். குனிந்து பழக்கம் இல்லாத வேலை. யாரோடும் பேசுவதில்லை. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "இறம்பொடைக்குப் போயிருக்கலாம். நாந்தான் கெடுத்துட்டேன். அந்த டிரையரப் புடிச்சுக்கிட்டுத் தொங்கினேன்" என்பார். உங்கள் கடிதம் வரும் வரைக்கும் ஒரு நாள் விடாமல் சொல்லுவார்.

டம்ளர் தேயிலைச் சாயம் என்று கல்யாணத்தன்றைக்கே எனக்குத் தெரியும், மாமா. முதல் தடவை சுடுதண்ணீர் ஊற்றியபோதே வாசம் வந்தது. இங்கே அண்ணி கேட்டார்கள். லண்டன் சாயம் என்றுதான் சொன்னேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு இவர் வேலை முடிந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சிலோன் தபால்தலையைப் பார்த்ததும் ஈரக் காலோடு ஓடி வந்தார். "மாமாவா? வாசி, வாசி" என்று எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையையும் மடியில் போட்டுக்கொண்டார்.

நான் முதலில் எனக்குள் வாசித்தேன். "அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா" என்ற இடம் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் எழுத்துத் தெரியவில்லை. "என்ன புள்ள, சத்தமாப் படி" என்றார்.

காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். இப்படி வாசித்தேன்.

"மாப்பிள்ளைக்கு அழகுமுத்து எழுதுவது. நான் நலம், மீசை நலம். போன வாரம் மறுபடியும் பங்களாவுக்குப் போய்த் துரையின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். கொடுத்த வாக்கு என்னாச்சு என்றேன். துரை சொன்னார், யார் வந்து எத்தனை தடவை சொன்னாலும் சரி, அன்றைக்கும் எடுத்திருக்க மாட்டேன், இன்றைக்கும் எடுக்க மாட்டேன், அந்த இடத்துக்கு என் ஆளை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன் என்றார். எனக்கு வந்ததே கோபம்! பக்கத்தில் இருந்த எனாமல் டின்னைத் தூக்கி அப்படியே துரையின் தலையில் கவிழ்த்தேன். வெள்ளைக்காரத் துரை கறுப்புத் துரை ஆகிவிட்டார். நாய் இரண்டும் அவரை அடையாளம் தெரியாமல் அவரையே விரட்டிக்கொண்டு மலையில் இறங்கின."

இவர் சிரித்தார், மாமா. தனுஷ்கோடியில் கால் வைத்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தார். பிள்ளை முழித்துக்கொண்டு அழுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப யாரு போயி என்ன சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. இல்ல, பூரணி? நாம தப்புப் பண்ணல" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்குத் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. இறம்பொடைப் பேச்சும் அதன் பிறகு எடுக்கவில்லை.

உங்களைப் போல அடுக்கடுக்காக எனக்குச் சொல்ல வரவில்லை. நடுவில் ஒரு இடத்தில் திக்கிவிட்டேன். உங்கள் கையெழுத்து புரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிஜக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். ஸ்டேசன் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்துத்தான். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். தெரியாமலே போனாலும் போகலாம்.

நீங்கள் எழுதாமல் இருந்தால் இவர் கேட்பார். ஆகவே எழுதுங்கள். துரை தலையைக் கழுவ எத்தனை நாளாயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்துதான் கேட்பார், மாமா. வாசிக்க முடிகிற மாதிரி எழுதுங்கள்.

பூரணி